அசல் அளவு

"கல்லை அதே அளவுல படமா அச்சடிச்சு வாங்குறவங்களுக்கு அனுப்பணுமா? படத்தை நம்பி எவன் ஓபல் வாங்குவான்?" என்று சீறினார் ஆஸ்திரேலியாவில் எங்கள் லைட்னிங் ரிட்ஜ் ஊரின் ஓபல் ரத்தினச் சுரங்கக்காரர் சங்கத் தலைவர் டெஸ்மண்ட்.

"பெருசாக்கின படத்தைப் பாத்துத்தான் ஏமாந்துபோறாங்க தலைவரே. அசல் அளவுல காட்டினா நம்புவாங்க," என்றாள் நொலீன். அச்சுச் செலவுக்குச் சங்கம் சம்மதிக்காவிட்டால் அவள் சுரங்கத்தை மூட வேண்டியதுதான்; ஒரு வருஷமாக ஒரு கல்லும் விற்கவில்லை.

"நாப்பது வருஷமா ஓபல் பாக்குறேன்மா. என் கண்ணை எந்தப் படமும் ஏமாத்தாது!"

நொலீன் கொண்டுவந்த தட்டிலிருந்து சுண்டைக்காய் அளவுக் கல் ஒன்றை எடுத்தார். நிறம் எடுப்பாகத் தெரிய, நாங்கள் எல்லோரும் செய்வதுபோல் ஒரு நக்கு நக்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்கய்யா, என்னமா ஜொலிக்குது! எந்தப் படத்துல இது வரும்?"

முன்வரிசையில் இருந்த ஸ்டிபே எழுந்தான்.

"டெஸ், நாக்கை நீட்டு."

நீட்டினார். நாக்கு நீலமாக இருந்தது.

"மன்னிச்சுக்குங்க தலைவரே, அது கூழாங்கல்லுல ஒட்டின படம். மை இன்னும் சரியாக் காயலை," என்றாள் நொலீன்.

அச்சடிக்கலாம் என்று சிரித்தபடியே எல்லோரும் கை தூக்கினோம். தலைவர் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லை.