பென்சில் கோடு

வீட்டுப் பட்டறை ஜன்னலின் மாலை வெயிலில் மரத்தூள் மிதக்கிறது. தச்சர் புதுக் கைத்தடியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தூக்கத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல் அந்தச் சத்தம். இடுப்பு முறிந்து ஏழு மாதமாக வாசல் தாண்டாத அவர் மனைவி, மேசையைப் பிடித்தபடி வெறுங்காலோடு பக்கத்தில் நிற்கிறாள். அவர் எழுந்து தடியை அவளருகே நிறுத்துகிறார். மணிக்கட்டு உயரத்தில் பென்சிலால் கோடு போடுகிறார்.

“இங்க அறுத்துடுறேன். கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடக்க இது போதும்.”

வெயில் அவள் கால்விரல்கள் மேல் ஏறுகிறது. அவள் கோட்டையே பார்க்கிறாள்.

“ஏங்க, அதை அழிங்க.”

“ஏன், அளவு சரியாத்தானே இருக்கு?”

“பரண்ல என் மலையேறுற ஷூ கிடக்கு. எடுத்துட்டு வாங்க. போட்டுக்கிட்டு நிக்கிறேன், அப்புறம் அளங்க. மலைக்கு யாராவது குட்டைத் தடியோட போவாங்களா?”

அவர் தடியை மறுபடி மடியில் கிடத்துகிறார். உப்புத்தாளின் ஒரே தேய்ப்பில் கோடு தூளாகி, வெயிலில் மிதக்கிறது.