சர்வேயர் தோலுரித்த கதை

"இந்த ஆள் மேலதான் அவளுக்கு உசிரு. என் மூஞ்சியை அப்படியே இவனை மாதிரி ஆக்கிடுங்க" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து நீட்டினார் சர்வேயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆனவர்.

தோல் டாக்டரம்மா வாங்கிப் பார்த்தாள். கறுகறு மீசையோடு நாற்பத்து மூன்று வயது மதிக்கத்தக்க ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"யார் இது?"

"அவ புருஷன்."

சூடான பாத்திரத்தை இறக்கிவைப்பதுபோல டாக்டரம்மா போட்டோவை மேஜைமேல் வைத்தாள். நீங்கள் அந்த அம்மாளுக்கு என்ன வேண்டும் என்று ஜாக்கிரதையாகக் கேட்டாள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், சமையல்கூட நான்தான் என்றார் சர்வேயர். பஞ்சு கத்தரித்துக்கொண்டிருந்த நர்ஸ் கத்தரிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. போட்டோவில் இருந்ததும் சர்வேயர்தான், இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தையவர். அவர் மனைவியின் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நடந்து, அந்த வருஷத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்காரர் டூர் போயிருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். இவரை, ஒத்தாசைக்கு வந்து தங்கியிருக்கும் யாரோ ஒரு மனிதர் என்று நினைத்திருந்தாள்.

"ஒரே ஒரு தடவை என்னை அடையாளம் தெரிஞ்சு 'ஏங்க'ன்னு கூப்பிட்டாப் போதும் டாக்டரம்மா. பெரியவரே, பெரியவரேன்னு கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

டாக்டரம்மா அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாதாரண முகமா அது? மாதத்தில் இருபத்தைந்து நாள் ஊர் ஊராகப் போய், அடுத்தவன் நிலத்தை வெயிலில் நின்று அளந்த முகம். நெற்றியில் மட்டும் ஏழு வரப்பு. ஒருமுறை கன்னத்துச் சுருக்கத்துக்குள் நுழைந்த கொசு, வெளியே வர வழி தெரியாமல் இரண்டு நாள் உள்ளேயே குடித்தனம் நடத்தியது.

ஆசிட் தடவி மேல்தோலை உரிக்கலாம், கறையும் கோடுகளும் கொஞ்சம் குறையும், மற்றபடி போன வயதைக் கொண்டுவருகிற மருந்து தன்னிடம் இல்லை என்று டாக்டரம்மா கறாராகச் சொன்னாள். மீசைக்கு மை நான் பூசிக்கொள்கிறேன், மீதியை நீங்கள் பாருங்கள் என்று சர்வேயர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பிரஷ்ஷால் தடவியதும், எறும்புப் புற்றை முகத்தில் கவிழ்த்த மாதிரி எரிந்தது. நர்ஸ் சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடித்தாள். சர்வேயரோ, இரண்டாவது கோட்டிங்கையும் இப்போதே அடித்துவிட்டால் என்ன என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள், மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர்போல முகம் உரிய ஆரம்பித்தது. மனைவி பதறிப்போனாள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கை முகத்துக்குப் போகும்போதெல்லாம் பட்டென்று தட்டிவிட்டாள்.

"பிய்க்காதீங்க பெரியவரே. தழும்பாயிடும்."

டாக்டரம்மா கொடுத்த களிம்பைத் தன் விரலாலேயே தடவினாள், செய்தித்தாளை மடித்து விசிறினாள். எரிச்சலை மறக்க ஏதாவது பேசுங்கள் என்றாள். சர்வேயர் தனக்குத் தெரிந்த ஒரே ஜோக்கைச் சொன்னார். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதே ஜோக்கைக் கல்யாணமான புதிதில் சொன்னபோது, துணி மடிப்பதைக்கூட அவள் நிறுத்தவில்லை.

சர்வேயர் இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. அவர் கண்ணெல்லாம் கண்ணாடிமேல்தான். ஐந்தாம் நாளிலிருந்து, டாக்டர் உத்தரவு என்று முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டார். புதுத் தோல் முழுசாக வந்த பிறகுதான் அவள் பார்க்க வேண்டும் என்பது திட்டம்.

பன்னிரண்டாம் நாள் கிளினிக்கில் துண்டை அவிழ்த்தபோது டாக்டரம்மாவே இரண்டடி பின்வாங்கினாள். நர்ஸ் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எது போட்டோ என்று ஒரு கணம் தடுமாறினாள். உள்ளே போன கிழவர் எங்கே, அவரை என்ன செய்தீர்கள் என்று வாட்ச்மேன் தகராறே செய்துவிட்டான்.

சர்வேயர் அங்கிருந்து நேராக சலூனுக்குப் போய்த் தலைக்கும் மீசைக்கும் மை போட்டுக்கொண்டார். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பக்கத்து வீட்டில் ஒளித்துவைத்திருந்த பழைய டூர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் நாலு மணிக்குத் தன் வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தினார்.

மனைவி கதவைத் திறந்தாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மறுபடி காலிலிருந்து தலைவரை பார்த்தாள்.

"ஏங்க" என்றாள்.

சர்வேயருக்குக் கண் நிறைந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைக்கக் குனிந்தார்.

அவள் அதை வைக்கவிடாமல் பிடித்துக்கொண்டாள். எட்டித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த டூருக்கு இப்பவே கிளம்பிடுங்க, பெரியவர் வர்ற நேரம்."