ஒத்திகை பார்த்த உரல்

மாலையில் நடக்கும் ஏழாம் நாள் சடங்கில் குழந்தையின் காதருகே "அம்மா பேச்சைக் கேளு" என்று சொல்லி இடிக்க வேண்டிய பித்தளை உரலை, ஒத்திகை பார்க்கிறேன் பேர்வழி என்று தரையில் போட்டுவிடுகிறேன். இப்போதுதான் கண்ணயர்ந்த ஏழு நாள் மகள் வீறிடுகிறாள். கெய்ரோ வெயில் சன்னல் சட்டங்களின் வழியே கட்டிலில் கோடுகோடாக விழுகிறது. "பசி! பால் பத்தலைன்னு அன்னிக்கே சொன்னேன்ல?" என்று என் அக்கா இனாஸ் பால்புட்டியை நீட்டுகிறாள். "அதை உங்க தம்பிக்குக் குடுங்க அண்ணி, அவர்தான் சவலை," என்கிறாள் என் மனைவி நெர்மீன். குழந்தையின் வயிறு தன் வயிற்றோடு ஒட்ட அணைத்து, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து மார்பைக் கொடுக்கிறாள். வலியில் அவள் கால்விரல்கள் மடங்கி, மெல்ல விரிகின்றன. ஒரு வாரமாக அக்காவைத் தவிர எல்லாரும் "இன்ஷா அல்லாஹ்" என்று மழுப்பிய கேள்வியை அவளிடமே கேட்கிறேன்: "பால் பத்துதா?"

"பத்துது. ஒவ்வொரு வாயும் முழுங்குறா, காதைக் குடுத்துக் கேளுங்க."