முகம் காட்டிய வாத்துகள்

காலையிலிருந்து ஊசிவால் வாத்துகள் எனக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. ஏரியின் நடுவில், கேமராவில் கண்ணை வைத்தபடி, படகில் குப்புறப் படுத்திருந்தேன்.

"காத்து எங்கேர்ந்து வருதோ அந்தப் பக்கந்தான் மூஞ்சிய வச்சுக்கும் சார். நமக்காகவெல்லாம் திரும்பாது," என்றார் பின்னால் கழி ஊன்றி நின்ற எட்டியப்பன்.

பத்து மணிக்குக் காற்று சுத்தமாக நின்றது. "போயிடலாம் சார்," என்றார். "இன்னும் அஞ்சு நிமிஷம்ணே," என்றேன். வெளிச்சம் குறைந்தது, கேமராவின் ஐஎஸ்ஓவை ஏற்றினேன். மறுபடி குறைந்தது, மறுபடி ஏற்றினேன். அப்போது ஒரு வாத்து என் பக்கம் திரும்பியது. பிறகு நாலு. பிறகு அத்தனையும், சத்தமே இல்லாமல். மூன்று வருடம் நான் அலைந்தது இந்தப் படத்துக்குத்தான். விரல் நிற்காமல் அழுத்தியது.

"எல்லாம் நம்மளையே பாக்குதுண்ணே."

திரும்பினேன். எட்டியப்பன் கழியைப் படகுக்குள் போட்டுவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் குறுக்குப் பலகையை இறுகப் பிடித்திருந்தன. அவருக்கு அப்பால், காலையில் நாங்கள் புறப்பட்டு வந்த கரை இல்லை; அந்த இடத்தில் கருத்த மழைச்சுவர் ஒன்று எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.