சேலா

"பைபிள்ல சங்கீதம் வாசிக்கும்போது வசன முடிவுல சேலான்னு வந்தா, அதை வாசிக்காதீங்கக்கா. அங்க நிறுத்தணும். அந்த அமைதியிலதான் உங்களுக்குள்ள வல்லமை இறங்கும்" என்று சொல்லிவிட்டு ஜெபக்குழுவின் பெல்சி கிளம்பிப்போனாள். தங்கபுஷ்பம் இத்தனை காலமும் அதை ஆமென் மாதிரி சத்தமாகச் சொல்லி வந்தவள். நினைவிழந்து கிடந்த கணவரின் கட்டிலருகே உட்கார்ந்து மூன்றாம் சங்கீதத்தை வாசித்தாள். முதல் சேலாவில் நிறுத்தினாள். அவருடைய மூச்சும் நின்றது. பதறி அடுத்த வசனத்தைத் தொடங்கினாள், மூச்சு வந்தது. இரண்டாவது சேலாவிலும் நின்றது. "ஏங்க... ஏங்க!" என்று உலுக்கியும் வரவில்லை, வாசித்த பிறகுதான் வந்தது. பயத்தில் கண்ணைக் கீழே ஓட்டினாள். கடைசி வசனத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். அந்தச் சங்கீதம் சேலாவில்தான் முடிகிறது.