மருமகள் இழுத்த கயிறு

"நீ இன்னிக்கு அந்த மேடையில ஏறினா, திரும்பி இந்த வீட்டுப் பக்கமே வராதே!"

லாசரஸ் சொன்னால் சொன்னதுதான். பிடோக் பேட்டை அடுக்குமாடியில் இருந்த அந்த நாலறை வீட்டில் அவருக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. மகன் சிலுவைராஜ் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

"மாமா, அதுக்குப் பேரு மைம். வாய் திறக்காம நடிக்கிற கலை. பிரான்ஸ்லேர்ந்து வந்திருக்கிற மிஸ்டர் ரெனே பெரிய மாஸ்டர். அவர்கிட்டதான் கத்துக்கிறேன்" என்றாள் மருமகள் பெட்டி.

"போதும் லா! சர்ச்ல தலைகாட்ட முடியல. 'உன் மருமக மூஞ்சில மாவு பூசிக்கிட்டு காத்தைத் தடவுதாமே'ன்னு சூசைநாதன் கேக்கிறான். தேக்கா புது மார்க்கெட்டுக்குப் போனா அங்கயும் இதே பேச்சு!"

ஆனாலும் பெட்டி போனாள். இன்று நடிப்பவர்களில் ஒரே ஒருவரைத்தான் ரெனே தன் குழுவில் சேர்த்துக்கொள்வார். ஆபீஸ் விட்டதும் ஓடி ஓடிப் படித்ததெல்லாம் இதற்காகத்தான்.

சமூக மன்ற மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சூசைநாதன் கோஷ்டி. கடைசி வரிசையில் மாமா! பக்கத்தில் சிலுவைராஜ்.

அவளுக்குக் கொடுத்தது கயிறிழுக்கும் போட்டி. கயிறும் கிடையாது, எதிராளியும் கிடையாது. இழுக்க ஆரம்பித்தாள்.

"கையில ஒண்ணையும் காணோம். என்னத்தை இழுக்குது?" சூசைநாதன் சத்தமாகவே கேட்டார்.

சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. பெட்டியின் பிடி தளர்ந்தது. ஓரமாக நின்ற ரெனே உதட்டைப் பிதுக்கினார்.

லாசரஸ் எழுந்தார். விறுவிறுவென்று மேடையை நோக்கி நடந்தார்.

"அப்பா, வேணாம்பா! எல்லாரும் பாக்கிறாங்க!" சிலுவைராஜ் பின்னாலேயே ஓடினான்.

மேடைக்குக் கீழே நின்று சட்டைக்கையை மடித்துவிட்டார் லாசரஸ். குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்தார். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். காலை ஊன்றி ஒரே இழுப்பு!

பெட்டி தடுமாறி முன்னால் வந்தாள். ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு பதிலுக்கு இழுத்தாள்.

அவர் இழுக்க, இவள் இழுக்க, சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சீனர், மலாய்க்காரர் எல்லாரும் எழுந்து நின்று "கம் ஆன்! கம் ஆன்!" என்று கத்தினார்கள்.

லாசரஸ் மெல்ல மெல்ல நகர்ந்தார். செருப்பு தேயத் தேயப் படியேறினார். கடைசியில் மருமகள் காலடியில் பொத்தென்று விழுந்தார்.

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. வகுப்பில் யாரையும் வாய் திறக்க விடாத ரெனே, "யூ! யூ!" என்று கூவிக்கொண்டே ஓடிவந்து பெட்டியின் கையைப் பிடித்து உயர்த்தினார். பெட்டி அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

"என்னப்பா லாசரஸ், மருமககிட்ட இப்படித் தோத்துட்டியே லா!" சூசைநாதன் சீண்டினார்.

லாசரஸ் மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் ஊதிக்கொண்டார்.

"நீ வந்து பிடிச்சுப் பாருடா, என்ன கனம்னு தெரியும்!"