அரக்கனைச் சாய்க்கும் வழி

"என்னை எப்படிச் சாய்க்கறதுன்னு வழி எழுதினது யாரு?"

எம்.டி. கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். அறையில் இருந்தது இரண்டு பெண்கள். ஒருத்தி தரையைப் பார்த்தாள், இன்னொருத்தி கூரையைப் பார்த்தாள்.

தரையைப் பார்த்தவள் கதைக்காரி. கம்பெனி தயாரிக்கும் வீடியோ கேமுக்குக் கதை எழுதுகிறவள். கூரையைப் பார்த்தவள் டெஸ்டர். கேமை ஊர் விளையாடும் முன்பே விளையாடிக் குறை கண்டுபிடிக்கிறவள். இருவருக்கும் பின்னால், பெரிய திரையில், கேமின் கடைசி அரக்கன் கோட்டை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"உங்களையா? எங்களாலயா சார்?" என்றாள் கதைக்காரி.

"நடிக்காதம்மா. இந்த அரக்கன் நான்தானே? நடு மண்டையில வழுக்கை. பேசறதுக்கு முன்னால ஒரு கனைப்பு. வாயைத் தொறந்தா, 'நான் இல்லன்னா இந்தக் கோட்டையே இல்ல.' ஆபீஸே சிரிக்குதாம். எனக்குத் தகவல் வந்தாச்சு."

இதைச் சொல்லுமுன் அவர் கனைத்துக்கொண்டது அறையில் எல்லோருக்கும் கேட்டது, அவரைத் தவிர.

"விளையாடிக் காட்டு. நானும் பாக்கறேன்" என்றார் டெஸ்டரிடம்.

டெஸ்டர் பொத்தானை அழுத்தினாள். திரையில் வீரன் வாளை வீச, அரக்கனுக்கு இன்னொரு தலை முளைத்தது.

"வெட்டினா வளருவான் சார். இவன் வெறும் வாசல் காவக்காரன்தான். வழியில போன எவனோ விளையாட்டா 'மகாராஜா'ன்னு கூப்பிட்டுட்டான். அன்னையிலேருந்து ராஜான்னே நெனச்சுக்கிட்டு நிக்கறான்."

"அப்ப எப்படி ஜெயிக்கறது?"

டெஸ்டர் கதைக்காரியை ஒரு பார்வை பார்த்தாள். "வாளைக் கீழ போட்டுட்டு... புகழணும் சார்."

வீரன் குனிந்து புகழ்ந்தான். அரக்கன் கதாயுதத்தைக் கீழே வைத்தான். வீரன் இன்னும் புகழ்ந்தான். கேடயம் போயிற்று, கவசம் கழன்றது. கடைசியில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, கோட்டை அதிரக் குறட்டை விட்டான். வீரன் அவன் இடுப்புச் சாவியை உருவிக்கொண்டு நடையைக் கட்டினான்.

எம்.டி. துள்ளி எழுந்து கதைக்காரியை நோக்கி விரலை நீட்டினார். "குறட்டை! இடது பக்கம் படுத்தா நான் குறட்டை விடுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் என் ரூமை எட்டிப் பாத்தது யாரு?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் அறைக் கதவில் தொங்கும் 'மீட்டிங்' பலகையின் ரகசியம் இப்படித்தான் வெளியே வந்தது.

"ஐ.டி. கார்டைக் கழட்டி வை. நாளையிலேருந்து வராதே."

கதைக்காரியின் கை கழுத்துக் கார்டுக்குப் போயிற்று. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். நறுக்கென்று நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. திரையில் தரையில் கிடந்த வாளைப் பார்த்தாள். நாலு வார்த்தையையும் விழுங்கினாள். கார்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"போறேன் சார். ஆனா ஒண்ணு. அந்த அரக்கனுக்குப் புகழ்ச்சின்னா உயிரு. உங்களுக்கு அது ஆகவே ஆகாது. விருது குடுத்தப்பகூட 'எதுக்கு இதெல்லாம்'னு சொல்லிட்டுத்தானே போட்டோவுக்கு நின்னீங்க?"

நீட்டிய விரல் மடங்கியது. "அது... உண்மைதான். எனக்குப் பிடிக்காது."

"தலைக்கனம் பிடிச்சவன் 'இது நான்தானோ'ன்னு கேப்பானா சார்? அப்படிக் கேக்கறதுக்கே ஒரு பெரிய மனசு வேணும்."

எம்.டி. நாற்காலியில் உட்கார்ந்தார். டையைத் தளர்த்தினார். கண்ணில் மட்டும் கொஞ்சம் சந்தேகம் பாக்கி இருந்தது.

"நிஜமா என்னை நெனச்சு எழுதலையா?"

"சத்தியமா சார். எழுதறப்ப நீங்க என் மனசுலயே இல்ல."

"மனசுலயே இல்லையா?" அவர் முகம் வாடியது. "ஏன்?"

"உங்களைப் பத்தி எழுதணும்னா ஒரு கேம் போதுமா சார்?"

அவ்வளவுதான். கார்டை அவரே நீட்டினார். அவள் மெல்ல உருவிக்கொண்டாள்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "அந்த அரக்கனை இன்னும் கொஞ்சம் உயரமாக்குங்க. நடு மண்டையில நாலு முடி வெச்சாலும் தப்பில்ல." எதிர் அறைக் கதவு மூடியது. 'மீட்டிங்' பலகை ஆடி நின்றது.

டெஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அச்சு அசலா அப்படியே சாஞ்சாரே அக்கா! சும்மா சொல்லுங்க, இவரைப் பாத்துத்தானே எழுதினீங்க?"

"இவரைப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்? தானா வந்து பொருந்திக்கிட்டாரு" என்று கார்டை மாட்டிக்கொள்ளும்போதே கதைக்காரியின் போன் அடித்தது. எடுத்ததும் உள்ளிருந்து ஓர் ஆண் குரல் பலமாகக் கனைத்தது, டெஸ்டருக்கே கேட்கும் அளவுக்கு.

கதைக்காரி குரலைத் தேனாக்கிக்கொண்டாள்.

"தூங்கி எழுந்துட்டீங்களாங்க? அதானே, நீங்க இல்லன்னா அந்த வீடே இல்லையே!"